கசாப்புக் கூடத்துக் கழிவுநீரும் மேய்ச்சல் தரையும்

பட்டணங்களின் எல்லையில் ஆட்டுத்தொட்டி என்றும் கசாப்புக் கூடம் என்றும் வழங்கும் ஓரிடம் இருப்பதை யாவரும் அறிவர். அங்கே பொழுது விடியுமுன் வேலை முடிந்து தரை கழுவப்படுகிறது. கழுவிய நீர் செந்நிறமாய்ச் சாக்கடையில் இறங்கி, சாக்கடையினின்று ஓடையிலும், ஓடையினின்று ஏரியிலும் சேருகிறது. கீழூரில் உள்ளோர் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிறார்கள். மனு எழுதிக் கொடுக்கிறார்கள். அதே கீழூரார் அதே பருவத்தில் தீவனப் புல்லுக்கு இடுவதற்காகச் சங்கத்துப் பண்டகசாலையில் யூரியா மூட்டைக்குப் பணம் கட்டுகிறார்கள். ஓடையில் போனதும் மூட்டையில் வந்ததும் பெரும்பாலும் ஒரே சத்து என்பதை அவர்களுள் அறிந்தவர் சிலரே.

அந்த நீரைப் புல்வெளிக்குப் பாய்ச்சும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. முறை எளிது, வாய்க்காலும் மடையும் அறிந்த உழவருக்கு அதில் புதிதாய்க் கற்பிக்க வேண்டுவது சிறிதே. அளவுதான் கடினம். அளவு தப்பினால் புல்லுக்கு உணவாக வேண்டிய பொருள் பூமிக்குள் இறங்கி, குடிநீர்க் கிணற்றை அடைந்து, கைக்குழந்தைக்கு நஞ்சாகும். ஆகையால் இவ்விஷயத்தில் கால் வைக்க எண்ணும் சங்கத்தார் மண்வெட்டியை எடுக்குமுன் கணக்கு நோட்டை எடுப்பது அவசியம்.

நீரில் உள்ள சத்து

கசாப்புக் கூடத்திலிருந்து வெளிவரும் நீரில் இரத்தம், கொழுப்பு, இரைப்பைச் சக்கை, சாணம், மூத்திரம், மயிர், இறைச்சித் துணுக்கு ஆகியவை கலந்திருக்கின்றன. பற்பல நாட்டுக் கூடங்களின் நீரைச் சோதித்துக் கண்டதில், ஒரு லிட்டரில் நைட்ரஜன் என்னும் தழைச்சத்து ஏறத்தாழ 50 மில்லிகிராம் முதல் 800 மில்லிகிராம் வரையிலும், பாஸ்பரஸ் 25 முதல் 200 மில்லிகிராம் வரையிலும் இருக்கக் காணப்பட்டது. இவ்வளவு வேறுபாடு ஏன் எனில், ஒரு கூடத்தில் இரத்தத்தைத் தனியே பிடித்து வைக்கிறார்கள். மற்றொன்றில் தரையில் ஓடவிடுகிறார்கள். ஓரிடத்தில் குழாய்நீர் தாராளம். மற்றோரிடத்தில் குடத்தால் அளந்து ஊற்றுகிறார்கள். எனவே, கசாப்பு நீரில் இவ்வளவு சத்து என்று பொதுப்படச் சொல்லும் எண்ணை நம்பி ஒரு பாத்திக்கும் பாய்ச்சலாகாது. அந்தந்தக் கூடத்து நீரை, வேலை மிகுந்த நாளிலும் குறைந்த நாளிலும் எடுத்துச் சோதித்த எண்ணே எண்ணாகும்.

கணக்கிற்கு எளிதாக, லிட்டருக்கு 200 மில்லிகிராம் நைட்ரஜன் உள்ள ஒரு நீரை எடுத்துக்கொள்ளலாம். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல உயரம் நிற்கும் அளவு நீர் விட்டால் அது ஏறத்தாழ 1,02,800 லிட்டராகும். அதிலுள்ள நைட்ரஜன் 20½ கிலோ. இக்காலத்தில் விற்கும் 45 கிலோ யூரியா மூட்டையில் நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன் உள்ளது, அதாவது 20.7 கிலோ. ஆகவே ஏக்கருக்கு ஓர் அங்குல நீர் என்பது ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா. சோதனையில் 400 மில்லிகிராம் என்று வந்தால் இரண்டு மூட்டை. 100 என்று வந்தால் அரை மூட்டை. இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை தெளிவாகும்.

யூரியாவுக்கும் இந்நீருக்கும் ஒரு பேதம் உண்டு. இந்நீரிலுள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி இரத்தத்திலும் இறைச்சியிலும் உள்ள புரதத்தோடு பிணைந்து நிற்கிறது. புல் அதனை அப்படியே உண்ணாது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் புரதத்தைச் சிதைத்து முதலில் அமோனியாவாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அமோனியா களிமண்ணோடு ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. அது எளிதில் ஓடாது. நைட்ரேட்டோ உப்பைப்போல் நீரில் கரைந்து, நீர் போகும் இடமெல்லாம் போகும். வேர் அதனைப் பிடித்துக்கொண்டால் புல்; பிடிக்காவிட்டால் கிணறு. வெப்பமான பூமியில் இந்த மாற்றம் சில வாரங்களுக்குள் நடந்துவிடும்.

சாம்பல்சத்து மட்டும் இந்நீரில் நைட்ரஜனை நோக்கக் குறைவு. புல்லோ நைட்ரஜனுக்கு ஏறத்தாழச் சமமான அளவில் சாம்பல்சத்தையும் எடுத்துக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் இந்நீரையே பாய்ச்சிப் புல்லை வெட்டிக்கொண்டுபோனால், பூமியில் சாம்பல்சத்து வற்றும். அடுப்புச் சாம்பலாலோ பொட்டாஷ் உரத்தாலோ அதனை நிரப்ப வேண்டும். மணிச்சத்து இதற்கு நேர்மாறானது. அது மண்ணில் ஒட்டித் தங்கி வருஷந்தோறும் சேரும். தனியாக சூப்பர் பாஸ்பேட் வாங்கும் செலவு அந்நிலத்திற்கு வேண்டியிராது.

இரத்தம் வேறு, கழுவிய நீர் வேறு

இரத்தத்தை வாய்க்காலில் விடுவது முழு நஷ்டம். ஒரு லிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 28 கிராம் நைட்ரஜன் இருக்கிறது. அது நீரில் கலந்தால் அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயுவை எல்லாம் இழுத்துக்கொள்கிறது. வீட்டுச் சாக்கடை நீரின் பிராணவாயுத் தேவை லிட்டருக்கு இருநூறு முந்நூறு மில்லிகிராம் எனில், இரத்தத்தின் தேவை ஒரு லட்சத்துக்கும் மேல். ஒரு குடம் இரத்தம் பல நூறு குடம் சாக்கடைக்குச் சமானம். ஏரியில் மீன் செத்து மிதப்பதற்கும் நாற்றத்துக்கும் மூலகாரணம் பெரும்பாலும் இதுவே.

ஆனால் அதே இரத்தத்தைத் தொட்டியில் பிடித்துக் காய்ச்சி, உலர்த்தித் தூளாக்கினால் நூற்றுக்கு 12, 13 பங்கு நைட்ரஜன் உள்ள உரமாகிறது. யூரியாவைப்போல் ஒரே நாளில் கரையாது. மெல்ல மெல்லக் கொடுக்கும். இரைப்பைச் சக்கையும் வாய்க்காலுக்கு உரியதன்று. அதனைக் குப்பைக்குழியில் வைக்கோல், சருகு ஆகியவற்றோடு அடுக்கி மக்கவைப்பதே சரி. குழியின் உட்சூடு கிருமிகளையும் களைவிதைகளையும் அழிக்கும். கூடத்தாரிடம் சங்கத்தார் கேட்கவேண்டிய முதல் காரியம், இவ்விரண்டும் தரையில் விழாமல் தனியே எடுக்கப்படவேண்டும் என்பதே. இதற்கு ஒப்பாத கூடத்தின் நீரை ஏற்பதினும் ஏலாதிருப்பது நன்று.

இரத்தம் என்ற சொல்லே சிலருக்கு அருவருப்பைத் தரும். அது இயல்பு, அவர்களை நிர்ப்பந்திப்பதால் பயனில்லை. எலும்புத்தூளை நெடுங்காலமாய் வயலுக்கு இட்டு வருவதை மாத்திரம் நினைவூட்டலாம்.

நியூஸீலந்தின் அனுபவம்

இம்முறை பெரிய அளவில் நடந்துவரும் தேசங்களுள் நியூஸீலந்து ஒன்று. 1882ஆம் வருஷம் பிப்ரவரி 15ந் தேதி 'டனீடின்' என்னும் பாய்க்கப்பல் அத்தீவின் தென்பாகத்திலுள்ள சால்மர்ஸ் துறைமுகத்தினின்று உறைந்த இறைச்சியை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, மே மாதத்தில் லண்டனை அடைந்தது. அதுமுதல் ஆட்டிறைச்சி அந்நாட்டின் பெரு வியாபாரமாயிற்று. துறைமுகங்களை அடுத்தும் ஆற்றங்கரைகளிலும் பெரிய இறைச்சிக் கூடங்கள் எழுந்தன. அவற்றின் கழிவுநீர் நெடுங்காலம் ஆற்றிலும் கடலிலும் விடப்பட்டது.

பின்னாளில் அந்நீரில் ஒரு பகுதி நிலத்துக்குத் திருப்பப்பட்டது. இதற்குக் காரணம் இரண்டு. கூடங்களைச் சுற்றிலும் எங்கும் புல்வெளியே. நீரை வாங்கிக்கொள்ள நிலம் அருகிலேயே இருந்தது. மற்றொன்று, அத்தீவின் ஆதிக்குடிகளாகிய மாவோரி மக்களின் மனப்பாங்கு. அசுத்தம் ஆற்றில் நேராய்ச் சேருவதை அவர்கள் பொறுப்பதில்லை. அது முதலில் பூமித்தாயின் உடலூடே சென்று சுத்தியடையவேண்டும் என்பது அவர்கள் கொள்கை. 1991ஆம் வருஷத்து வளப் பரிபாலனச் சட்டத்தின்கீழ் நீரிலோ நிலத்திலோ கழிவை விடுவோர் பிராந்திய சபையின் அனுமதியைப் பெறும்போது, இக்கொள்கையும் கவனிக்கப்படுகிறது. 1955இல் ஹாமில்டன் நகரில் ஏற்பட்ட இறைச்சித் தொழில் ஆராய்ச்சி நிலையம் இக்கழிவுநீர் மண்ணில் என்ன ஆகிறது என்பதையும் ஆராய்ந்து வந்தது.

அங்கே கண்ட உண்மைகளுள் முக்கியமானது, எல்லா மண்ணும் ஒன்றல்ல என்பது. ஹாமில்டன் இருக்கும் வைக்காட்டோப் பிரதேசத்தில் எரிமலைச் சாம்பலாலான ஆழமான மண் பரந்திருக்கிறது. அது நீரை உறிஞ்சும். மணிச்சத்தையும் இறுகப் பிடிக்கும். தென்தீவின் கான்டர்பரிச் சமவெளியிலோ மேலே மெல்லிய மண்ணும், கீழே சரளைக் கல்லுமாய் இருக்கிறது. அங்கு விட்ட நீர் சல்லடையில் விட்டதுபோல் இறங்கும். நைட்ரேட்டும் உடன் இறங்கும். அச்சமவெளியின் கிணறுகளில் நைட்ரேட் ஏறுவது அந்நாட்டில் பெரும் விவாதமாயிருக்கிறது. அதற்கு மேய்ச்சலும் உரமுமே பெருங்காரணம்; கழிவுநீர் அதில் ஒரு பங்கு.

இந்நாட்டுச் செம்மண் சரளை நிலமுடைய சங்கத்தார் கான்டர்பரியை நினைக்கவேண்டும். கரிசல் நிலத்தார் வேறொன்றை நினைக்கவேண்டும். கரிசல், ஈரமாயிருக்கும்போது நீரைத் தாங்கும். கோடையில் வெடித்துக் கிடக்கும்போது விட்ட நீர் வெடிப்பின் வழியே வேரைத் தொடாமலே ஆழத்துக்குப் போய்விடும். வெடித்த நிலத்தில் முதலில் நல்ல நீரைச் சிறிது விட்டு வெடிப்பை மூடிய பின்னரே கழிவுநீரைத் திறப்பது முறை.

புல்லின் பசியும் புல்லின் தாகமும்

இதுவரை கூறியவற்றினும் முக்கியமான விஷயம் இது. உழவர் பலர் கழிவுநீரைப் பாசன நீராகவே எண்ணுகின்றனர். பயிர் வாடினால் மடையைத் திறக்கிறார்கள். அங்கேதான் தவறு நேருகிறது.

கோடையில் நன்கு வளர்ந்த புல்வெளி நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீரை ஆவியாக்கும். ஏக்கருக்கு அது 20,000 லிட்டர். ஐந்து நாளில் ஓர் அங்குலம். அத்தாகம் முழுவதையும் மேற்கூறிய 200 மில்லிகிராம் நீராலேயே தீர்த்தால், ஐந்து நாளுக்கு ஒரு மூட்டை வீதம், மாதத்துக்கு ஆறு மூட்டை யூரியா இட்டதாகும். காசு கொடுத்து வாங்கிய யூரியாவை இவ்வாறு கொட்டும் குடியானவர் ஒருவரும் இரார். விலையின்றி வருவதால் எண்ணாமல் விடுகிறார்கள்.

பசியின் கணக்கைப் பார்க்கலாம். கம்பு நேப்பியர் புல்லை நட்டு 75, 80 நாளில் முதல் அறுப்பும், பின்னர் 45 நாளுக்கு ஒருமுறை அறுப்புமாக எடுப்பது வழக்கம். நல்ல விளைச்சலில் ஓர் அறுப்புக்கு ஏக்கரில் இருபது டன் பசும்புல் கிடைப்பதாக வைத்துக்கொள்ளலாம். அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நான்கு டன், உலர்ந்த பொருள். உலர்ந்த பொருளில் நூற்றுக்கு 1.6 பங்கு நைட்ரஜன் எனக் கொண்டால் 64 கிலோ. ஏறத்தாழ மூன்று மூட்டை யூரியாவின் சத்து. அதற்கு வேண்டிய கழிவுநீர் மூன்று அங்குலம். அதே 45 நாளில் புல்லின் தாகமோ ஒன்பது அங்குலம். ஆகவே தாகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழிவுநீரால் தீர்க்கலாகாது. மற்றதைக் கிணற்று நீரால் தீர்க்கவேண்டும். மண்ணிலேயே உள்ள சத்தையும், விளைச்சல் குறையும் காலத்தையும் உத்தேசித்து அறுப்புக்கு இரண்டு அங்குலத்தோடு நிறுத்துவது விவேகம். மழைக்காலத்தில் தாகமே இல்லை. அப்போது ஒரு துளியும் விடலாகாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வரும் நீரைத் தேக்கிவைக்கக் கூடத்தின் பக்கத்தில் குளமில்லாவிடில், இத்திட்டம் வருஷத்தில் பாதிதான் நடக்கும்.

வெட்டுவதா, மேய்ப்பதா என்னும் கேள்வியும் இதனோடு சேர்ந்தது. புல்லை வெட்டி வெளியே கொண்டுபோனால் நைட்ரஜனும் அதனுடன் போகிறது. மாட்டை விட்டு மேய்த்தால், தின்றதில் மிகச் சிறு பங்கே பாலாகவும் சதையாகவும் போகிறது. மற்றது மூத்திரமாயும் சாணமாயும் அதே நிலத்தில் திரும்ப விழுகிறது. விழுவதும் பரவலாக அன்று. ஒரு பசு மூத்திரம் விட்ட இடத்தில் மட்டும் ஹெக்டேருக்கு 500 கிலோவுக்கும் மேற்பட்ட விகிதத்தில் நைட்ரஜன் குவிகிறது. அத்திட்டிலுள்ள புல் அவ்வளவையும் உண்ண இயலாது. இதனை உணர்ந்தே வைக்காட்டோப் பிரதேசத்தில் கறவைக் கொட்டில் கழிவை மேய்ச்சல் தரைக்கு விடுவோருக்கு வருஷத்தில் ஹெக்டேருக்கு 150 கிலோ நைட்ரஜன் என்று வரம்பு கட்டினர். ஏக்கருக்கு அது 60 கிலோ. 200 மில்லிகிராம் நீரில் வருஷம் முழுவதற்கும் மூன்றே அங்குலம்!

ஒரு சிறு பட்டணத்துக் கூடம் நாளொன்றுக்கு 10,000 லிட்டர் கழிவுநீர் விடுவதாக வைத்துக்கொண்டால், வருஷத்தில் 730 கிலோ நைட்ரஜன் வருகிறது. அறுப்புக்கு இரண்டு அங்குலம் வீதம் வருஷத்துக்கு ஏழு அறுப்பு எடுக்கும் நேப்பியர் புல்லுக்கு இரண்டரை ஏக்கர் போதும். மேய்ச்சல் தரையாயின் பன்னிரண்டு ஏக்கர் வேண்டும். ஊர்ப் பொது மேய்ச்சல் தரையில் ஒரு மூலையில் மடையைத் திறந்துவிட்டு, அந்த மூலை கருநீலப் பச்சையாய் வளர்வதைக் கண்டு மகிழ்வது கணக்கறியாமையாகும். கருநீலப் பச்சை மிகையான நைட்ரஜனின் அடையாளம். அத்தகைய இளம்புல்லில் நைட்ரேட் குவிந்திருந்தால், பசியோடு வந்து வயிறார மேய்ந்த மாடு சில மணி நேரத்தில் மூச்சு வாங்கித் தள்ளாடும். இரத்தம் பழுப்பு நிறமாகும். உடனே சிகிச்சை செய்யாவிடில் சாகும்.

நியூஸீலந்தின் வெள்ளைக் குளோவர் போன்ற பயறினப் பயிர்கள், வேரிலுள்ள முடிச்சுகளின் உதவியால் காற்றிலிருந்தே நைட்ரஜனை ஈட்டுவன. கழிவுநீர் பாயும் இடத்தில் அவை புல்லோடு போட்டியிட முடியாமல் தேய்ந்துபோகின்றன. முயல் மசால், வேலி மசால் முதலியவற்றைப் புல்லோடு கலந்து விதைத்திருப்போர், அந்நிலத்தை இந்நீருக்கு ஒதுக்காதிருப்பது நலம்.

கொழுப்பும் உப்பும்

கொழுப்பு மண்ணின் கண்களை அடைக்கும். சில மாதங்களில் நீர் இறங்காமல் தேங்கி, வேர் அழுகி, கொசு பெருகும். கூடத்தை விட்டு வெளிவருமுன் நீர் ஒரு தடுப்புத் தொட்டியினூடே செல்லவேண்டும். தொட்டியின் நடுவிலுள்ள சுவர் மேலே மூடி, அடியில் திறந்திருக்கும். கொழுப்பு மிதந்து முன்னறையில் நிற்கும்; நீர் அடியால் போகும். முன்னறைக் கொழுப்பைத் தினந்தோறும் வழித்தெடுக்காத தொட்டி இருந்தும் இல்லாததே. தொட்டிக்கு முன் கம்பிவலையும் அவசியம். ஐரோப்பிய ஒன்றியத்தில் கசாப்புக் கூடத்துச் சாக்கடை வலையின் கண் 6 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது என்பது விதி.

உப்பின் கெடுதி மெல்ல வரும். வந்தபின் போக்குவது கடினம். கூடத்திலேயே தோலுக்கு உப்பிடுவார்களாயின், அவ்வுப்பு கழிவுநீரில் கரைந்து வருகிறது. தரை கழுவும் காரச் சோடாவும் அப்படியே. அவற்றிலுள்ள சோடியம் களிமண்ணின் கட்டைக் குலைத்து, மேலே பக்குத் தட்டச்செய்து, நாளடைவில் நிலத்தை உவராக்கும். தோல் உப்பிடும் இடத்து நீரைத் தனி வாய்க்காலில் பிரித்துவிடும்படி கூடத்தாரோடு ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளவேண்டும். களிநிலத்தில் ஏற்கெனவே பக்குத் தட்டத் தொடங்கியிருந்தால், மண்ணைச் சோதித்து ஜிப்சம் இட்டு, நல்ல நீரால் கழுவுவது பரிகாரம்.

குளத்தில் பல நாள் தேக்கிப் புளிக்கவிட்ட நீரைப் பற்றி ஒரு தப்பெண்ணம் பரவியிருக்கிறது. அவ்வாறு தேக்கினால் நாற்றமும் பிராணவாயுத் தேவையும் பெரும்பகுதி குறையும் என்பது உண்மை. ஆனால் நைட்ரஜன் அமோனியாவாக மாறுகிறதேயன்றிக் குறைவதில்லை. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. புளிக்காத நீரில் கரிப்பொருள் மிகுதி. மண்ணில் அதனை உண்ணும் நுண்ணுயிர்கள் பிராணவாயு தீர்ந்தபின் நைட்ரேட்டைச் சிதைத்து, நைட்ரஜனை வாயுவாகக் காற்றில் விட்டுவிடுகின்றன. புளித்த நீரில் அவற்றுக்கு அவ்வுணவு இல்லை, நைட்ரேட் தங்கிவிடுகிறது. எனவே பார்வைக்குத் தெளிந்திருக்கும் குளத்து நீர், கிணற்றை நோக்கப் பச்சை நீரினும் அபாயம் குறைந்ததென்று கொள்ளலாகாது.

நோய்கள்

வியாதியுற்ற கால்நடையை அறுப்பதே சட்டவிரோதம். அடைப்பான் கண்ட மாட்டின் இரத்தம் ஒருமுறை நிலத்தில் விழுந்தால் அக்கிருமியின் வித்துக்கள் பல பத்தாண்டுகள் மண்ணில் உயிரோடிருக்கும். கால்நடை வைத்தியரின் பரிசோதனை ஒழுங்காக நடவாத கூடத்தின் நீரை எவ்விலைக்கும் ஏற்கலாகாது.

ஆரோக்கியமான கால்நடையின் குடலிலும் சால்மொனெல்லா முதலிய கிருமிகள் உண்டு. வெயிலும் உலர்வும் அவற்றைக் கொல்லும். அதற்கு நாள் வேண்டும். கூடத்துக் கழிவிலிருந்து செய்த உரங்களை இட்ட நிலத்தில் 21 நாள் கழியாமல் மேய்க்கவோ புல்லறுத்துத் தீவனமிடவோ கூடாதென ஐரோப்பிய ஒன்றியம் 2009ஆம் வருஷத்து விதியில் கட்டளையிட்டிருக்கிறது. 45 நாள் அறுப்பில் இதனைக் கடைப்பிடிப்பது எளிது: அறுத்த உடனே முதல் இருபது நாளுக்குள் கழிவுநீரைப் பாய்ச்சி முடித்து, பின்னர் அறுப்புவரை கிணற்று நீரே விடவேண்டும். நீரை இலைமேல் தெளிக்காமல் பாத்தியில் விடவேண்டும். பச்சையாய்த் தின்னும் காய்கறிக்கும் கீரைக்கும் இந்நீர் உதவாது.

நாய்களைக் கூடத்திலும் புல்வெளியிலும் விடலாகாது. இது சிறு காரியமாகத் தோன்றும், அவ்வாறன்று. ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியாய் வளரும் ஒருவகை நாடாப்புழு, அந்த உறுப்பைத் தின்ற நாயின் குடலில் முதிர்ந்து, நாயின் மலத்தோடு முட்டையிட்டு, புல்வழியாய் மீண்டும் ஆட்டையும், கைவழியாய் மனிதரையும் அடைகிறது. நியூஸீலந்தில் இதற்கென 1959இல் தனிச்சட்டம் இயற்றி, நாய்க்குப் பச்சை உறுப்புகளைப் போடுவதைத் தடுத்து, நாய்களுக்கு மருந்து கொடுத்து, 2002இல் அந்நோய் நீங்கியதாக அறிவிக்க முடிந்தது. மனிதர் குடலிலுள்ள மற்றொரு நாடாப்புழு இதற்கு எதிர்வழியில், மனித மலத்தினின்று மாட்டின் சதையைச் சேருகிறது. ஆகவே கூடத்து வேலையாட்களின் கக்கூஸ் நீர், புல்வெளிக்குப் போகும் வாய்க்காலில் ஒருபோதும் கலக்கலாகாது.

சங்கத்தார் செய்யவேண்டுவன

கசாப்புக் கூடங்கள் 1974ஆம் வருஷத்து நீர் மாசுத் தடுப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. மாசுக் கட்டுப்பாடு வாரியத்தின் இசைவின்றி நீரை நிலத்துக்குத் திருப்பலாகாது. நிலப்பாசனத்துக்கு விடும் கழிவுநீருக்கென மத்திய சர்க்கார் விதித்த பொது வரம்பு: பிராணவாயுத் தேவை லிட்டருக்கு 100 மில்லிகிராம், மிதக்கும் திடப்பொருள் 200, எண்ணெயும் கொழுப்பும் 10, காரஅமில நிலை 5.5 முதல் 9 வரை. இவ்வரம்பில் நைட்ரஜன் சொல்லப்படவில்லை என்பதைக் கவனிக்க. சோதனைச் சாலைக்கு நீரை அனுப்பும்போது மொத்த நைட்ரஜனும் சோடியமும் வேண்டுமென்று தனியே எழுதிக் கேட்கவேண்டும்.

நீரின் அளவை அறிய, 200 லிட்டர் பீப்பாயை வாய்க்காலின் வாயில் வைத்து நிரம்பும் நேரத்தைப் பார்த்தால் போதும். 40 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 5 லிட்டர். மணிக்கு 18,000 லிட்டர். எந்தப் பாத்திக்கு எந்தத் தேதியில் எத்தனை மணி நேரம் விடப்பட்டது, எத்தனை டன் புல் வெட்டப்பட்டது என்பதை ஒரு பதிவேட்டில் எழுதி, சங்கத்தின் மாதக் கூட்டத்தில் வாசிக்கவேண்டும். மடைக்காவலை ஒருவரிடமே ஒப்புவிப்பது நலம்; நாலு பேர் திறக்கும் மடைக்குக் கணக்கு இராது.

கிணறுகளின் காரியம் கடைசியில் சொல்லப்படினும், செய்கையில் முதலாவது. நிலத்துக்குக் கீழ்ப்புறமுள்ள குடிநீர்க் கிணறுகளை, நீர் பாய்ச்சத் தொடங்குமுன் ஒருமுறையும், பின்னர் வருஷந்தோறும் மழைக்கு முன்னும் மழைக்குப் பின்னும் சோதிக்கவேண்டும். தொடங்குமுன் சோதியாவிட்டால், பின்னர் ஏறியது எவரால் என்ற வழக்குக்கு முடிவே இராது. 1945ஆம் வருஷம் அமெரிக்காவில் அயோவா மாகாணத்து வைத்தியர் ஹண்டர் காம்லி என்பவர், கிணற்று நீரில் கரைத்த பாலை உண்ட சிசுக்கள் நீலம்பாய்வதற்கு அந்நீரிலுள்ள நைட்ரேட்டே காரணம் என்று எடுத்துக்காட்டினார். நைட்ரேட் சிசுவின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியைக் கெடுத்துவிடுகிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்திய நியமம். சோதனை எண் 30ஐ நெருங்கும்போதே அந்த நிலத்துக்குப் பாய்ச்சலை நிறுத்தி, ஓரிரு அறுப்புகளைக் கிணற்று நீரால் மட்டும் எடுத்து, மண்ணில் எஞ்சிய நைட்ரஜனைப் புல் உண்ணும்படி செய்யவேண்டும். வரம்பு கடந்த கிணற்றின் நீரைக் கொதிக்கவைத்துக் குழந்தைக்குக் கொடுப்பது சில வீடுகளில் வழக்கம். கொதித்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நீர் வற்ற வற்ற அது செறிவுறும். அவ்வீட்டாருக்கு வேறு கிணற்று நீரைக் கொண்டுவந்து கொடுக்கும் பொறுப்பும் செலவும் நீரை ஏற்ற சங்கத்தைச் சார்ந்தன என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடவேண்டும்.